ஏழாம் கொதிகூடத்துச் சைராகுல்

ஒரு வாய் எடுத்து, இரண்டு கன்னத்திலும் உருட்டி, கண்ணை மூடி நின்று, தரையில் ஓடும் வடிகாலில் துப்புகிறார் சைராகுல். பிறகு மேல்சட்டைப் பையிலிருந்து வெப்பமானியை எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டு அடுத்த கலனுக்கு நகர்கிறார். மறுபடி ஒரு வாய், மறுபடி ஒரு துப்பல். காலை ஏழரைக்குள் ஒன்பது கலன்களையும் பார்த்து முடித்துவிடுவார். பிஷ்கெக் நகரம் பதின்மூன்று வருஷமாகக் குடிக்கும் பீரைக் காய்ச்சுகிறவர், அதில் ஒரு மிடறுகூடத் தொண்டைக்குள் இறக்கியதில்லை. விழுங்கினால்தான் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: "விழுங்கிட்டா நாக்கு அதோட உறவாயிடும். அப்புறம் அதுக்குப் பரிஞ்சு பேச ஆரம்பிச்சிடும்."

வயது ஐம்பத்தெட்டு. குள்ளமான உருவம், அகன்ற தோள். கிட்டத்துக்கு ஒரு கண்ணாடி, எட்டத்துக்கு ஒரு கண்ணாடி; ஒன்று மூக்கில் இருந்தால் மற்றது நெற்றியில் இருக்கும். ஆனாலும் தினமும் ஒரு தடவையாவது இரண்டையும் தேடிக்கொண்டிருப்பார். வாசற்காவலர் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் எஜே, அதாவது அக்கா. மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் மறுப்பதில்லை, மறுக்கத் தெம்பில்லை என்பார்.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று புது ஆள் யாராவது கேட்டால், பாத்திரம் தேய்க்கிறேன் என்று சொல்வார். அது அடக்கம் அல்ல. வாரத்தில் இரண்டு நாள் காய்ச்சினால் ஐந்து நாள் கழுவல்தான். குழாய், குழாயின் முழங்கை வளைவு, அடைப்பான், அடைப்பானுக்குள் இருக்கும் ரப்பர் வளையம், அந்த வளையம் உட்காரும் பள்ளம் என்று ஒவ்வொன்றையும் கழற்றி, வெந்நீரில் ஊறப்போட்டு, தேய்த்து, முகர்ந்துபார்த்து மாட்டுவார். "காய்ச்சுறதுக்குத் தீ இருக்கு. புளிக்க வைக்க ஈஸ்ட் இருக்கு. நடுவுல எனக்கென்ன வேலை? ரெண்டுக்கும் எச்சில் படாம பாத்துக்கணும். அவ்வளவுதான்."

இந்தப் பாடத்தைப் பால் பண்ணையில் படித்தார். நகரத்துப் பால் ஆலையின் சோதனைக்கூடத்தில் ஒன்பது வருஷம் தயிர்க்கிருமிகளை வளர்த்தவர் அவர். சோவியத் காலம் முடிந்து, ஆலையின் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக விலைபோய், கடைசியில் சுவர் மட்டும் மிஞ்சியபோது ஊரில் பாதிப் பேரைப் போல அவரும் டோர்டோய் சந்தைக்குப் போனார். இரும்புப் பெட்டிக் கடைகளுக்கு நடுவே, கால் விறைக்கும் குளிரில், பிறர் காலுக்கு உறை விற்றார். கணவர் வேலை தேடி நோவோசிபிர்ஸ்க் நகருக்குப் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். மகளைச் சைராகுல் தனியாக வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். அதற்கப்புறம் கோடைதோறும் சக்கரம் வைத்த பீப்பாயோடு தெருமுனையில் நின்று மக்சிம் விற்றார். வறுத்த தானியத்தைக் காய்ச்சிப் புளிக்கவைத்த கூழ் அது. வெயிலில் ஒரு குவளை குடித்தால் வயிறு குளிரும்.

அங்கேதான் இன்றைய முதலாளி திலேக் வந்து சேர்ந்தான். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. சிகாகோவில் லாரி ஓட்டி, ஒரு பீர் ஆலையில் பீப்பாய் கழுவி, தலை நிறைய யோசனையோடு ஊர் திரும்பியிருந்தான். மற்ற பெண்களிடம் வாங்கும் மக்சிம் மதியத்துக்குள் மிதமிஞ்சிப் புளித்துவிடுகிறது, இவருடையது மட்டும் சாயங்காலம் வரை நிற்கிறதே என்று மூன்று நாள் பார்த்துவிட்டு நான்காம் நாள் காரணம் கேட்டான். பீப்பாய் சுத்தமாக இருக்கிறது, வேறென்ன என்றார் சைராகுல். அடுத்த வாரம் அவரை ஒரு பாழடைந்த கட்டடத்துக்கு அழைத்துப்போனான். குடியிருப்புகளுக்குச் சுடுநீர் அனுப்பிக்கொண்டிருந்த பழைய கொதிகூடம் அது. கதவில் பெரிய ஏழு என்ற எண். உள்ளே புறாக்கள். அதையே பீருக்குப் பெயராகவும் வைத்துவிடப்போவதாகச் சொன்னான், 'கொதிகூடம் ஏழு' என்று. சைராகுல் புறா எச்சத்தைப் பார்த்தார். "முதல்ல இதைக் கழுவணும். பேரை அப்புறம் வச்சுக்கலாம்" என்றார்.

மலைப்பக்கம் நரின் ஊரில் இருந்த அவருடைய அண்ணனுக்குச் செய்தி எட்டியதும் ஃபோனில் கத்தினார். நமாஸ் பண்ணுகிற குடும்பத்துப் பெண் பீர் காய்ச்சுவதா? சைராகுல் குரலை உயர்த்தவில்லை. "அண்ணே, போன கோடைல நீங்க ஏழு கிண்ணம் புளிச்ச குதிரைப்பால் குமிஸ் குடிச்சிட்டுக் குதிரை மேல ஏறத் தெரியாம வேலி மேல ஏறினீங்க. அது என்ன, குதிரையோட பாவமா?" அண்ணன் இரண்டு வருஷம் பேசவில்லை. பிறகு ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது அவராகவே ஒரு பாட்டில் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முதல் கலன்களைச் செய்தவர் ஹெய்ன்ரிக் என்ற பற்றவைப்புக்காரர். அந்த ஊர் ஜெர்மானியர்களில், எல்லோரும் ஜெர்மனிக்குப் போன பிறகும் போகாமல் மிஞ்சியவர். பழைய பால் தொட்டிகளை அறுத்து, ஒட்டி, ஆள் உயரத்துக்கு மூன்று கலன் நிறுத்திக்கொடுத்தார். ஈஸ்டை சைராகுல் ஜாடியில் வளர்த்தார். ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ தெரிந்தவர்களின் பயணப் பெட்டியில் வந்தது. அது தீர்ந்த மாதம் சூ ஆற்றங்கரை வேலிகளில் தானாகப் படர்ந்துகிடந்த காட்டு ஹாப்ஸைக் கோணியில் பறித்து வந்து போட்டார்கள்.

பிறந்தது ஒரு கலங்கல் பீர். மதுக்கடைக்காரர்கள் விளக்கில் பிடித்துப் பார்த்து, இது வடிகட்டாததா, கழுவாததா என்று கேட்டார்கள். ஒருவர் தன் பாட்டியின் வயிற்றுவலிக் கஷாயம் ஞாபகம் வருவதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். முதல் கோடையில், சர்க்கரை கூடிப்போன ஒரு சரக்கை ஷேர் வேனில் ஏற்றி அனுப்பியபோது வழியில் பதினாலு பாட்டில் வெடித்தது. நகரத்தில் ஆட்சி கவிழ்ந்து, துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஒன்றரை வருஷம்கூட ஆகாத நேரம். பயணிகள் இருக்கைக்கு அடியில் படுத்துக்கொண்டார்கள். டிரைவர் வேனை நிறுத்திவிட்டு ஓடினார். சைராகுல் அடுத்த நாள் அந்த வேனைத் தேடிப்போய், ஒவ்வொரு இருக்கையாகத் தானே கழுவிக்கொடுத்தார். அன்றுமுதல் ஒவ்வொரு சரக்கிலும் பத்துப் பாட்டிலை எடுத்துச் சூடான அறையில் வைத்து, இரண்டு வாரம் பார்த்த பிறகுதான் மற்றவற்றை வெளியே விடுவார்.

ஆற்றங்கரை ஹாப்ஸ் போட்ட பீர்தான் கடைசியில் பிடித்துக்கொண்டது. மலையேற வந்த வெளிநாட்டார் முதலில் குடித்தார்கள். அவர்களைப் பார்த்து மாணவர்கள். மாணவர்களைப் பார்த்து அவர்களின் அப்பாக்கள். நான்காம் வருஷம் ஐந்து கலன், ஏழாம் வருஷம் பன்னிரண்டு. கொதிகூடத்தின் முன்பக்கத்தில் மேசை போட்டு, வறுத்த இறைச்சியும் உப்புப்பாலாடைக்கட்டி உருண்டையும் வைத்துக் கொடுத்தார்கள். ஹெய்ன்ரிக் கடைசியில் மகளோடு ஜெர்மனியின் காசெல் நகருக்குப் போய்விட்டார். ஞாயிறு தவறாமல் ஃபோன் செய்து, தான் ஒட்டிய இரண்டாம் கலனின் ஒட்டு கசிகிறதா என்று கேட்பார்.

பெருந்தொற்று வந்து ஊரைப் பூட்டியபோது கொதிகூடமும் இரண்டு மாதம் மூடியது. பஸ் இல்லை. சைராகுல் மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஏழு கிலோமீட்டர் நடந்துவந்து ஈஸ்டுக்குத் தானியச் சாறு ஊற்றிவிட்டுத் திரும்பினார். தடுப்பில் நின்ற போலீஸ்காரர் எங்கே என்று கேட்டால், "பசியா இருக்கிறவங்களுக்குச் சோறு போட" என்பார். அந்த இரண்டு மாதத்தில்தான் வலது முழங்கால் முதலில் பூட்டிக்கொண்டது.

பிறகு ஊர் திறந்தது, தாகமும் திறந்தது. கொதிகூடம் போதவில்லை. போன இலையுதிர் காலத்தில் திலேக் நகரத்துக்கு மேற்கே புது ஆலை கட்டினான். பளபளக்கும் ஒன்பது கலன்கள், ஒவ்வொன்றும் ஆறாயிரம் லிட்டர், இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே. உச்சியில் இருக்கும் அடைப்பானைத் தொட இருபத்திரண்டு இரும்புப் படி ஏற வேண்டும். திறப்பு விழாவில் எல்லோரும் கலன்களை அண்ணாந்து பார்த்தார்கள். சைராகுல் படிகளை எண்ணினார்.

கழுவுவதற்கு உதவியாக ரிஸ்பெக் என்பவரை வைத்தார்கள். ஐம்பது வயது, மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் ஓட்டியவர், டிராலிபஸ்களை நிறுத்தியதும் வேலை இழந்தவர். அதிகம் பேசமாட்டார், சொன்னதைச் செய்வார். ஆனாலும் உச்சி அடைப்பானின் ரப்பர் வளையத்தை மட்டும் சைராகுல் யாரிடமும் விட்டதில்லை. மேலே உள்ளதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கையெழுத்துப் போட்டுவிடு என்பார். ரிஸ்பெக் கழுவல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

இந்த ஏப்ரல் முதல் வாரத்தில் நடந்தது இது. நாடு முழுக்க நாற்பது கடை வைத்திருக்கும் ஒரு பெரிய அங்காடி, முதன்முறையாகக் கொதிகூடம் ஏழைத் தன் அலமாரியில் வைக்கச் சம்மதித்திருந்தது. திலேக் நான்கு வருஷம் அலைந்து வாங்கிய சம்மதம். மூன்றாம் கலனின் பீர் அவர்களுக்கு. வியாழக்கிழமை லாரி வரும். பத்துப் பாட்டிலை வைத்துப் பார்க்க இரண்டு வாரம் இல்லை.

திங்கட்கிழமை காலை சைராகுல் அந்தக் கலனிலிருந்து ஒரு வாய் எடுத்தார். துப்பினார். வழக்கம்போல நகராமல் இன்னொரு வாய் எடுத்தார். நாக்கின் ஓரத்தில், மிக லேசாக, அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு புளிப்பு. ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். ஈஸ்டின் உருண்டைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் குச்சிகள் மிதந்தன. தயிர்க்கிருமி. ஒன்பது வருஷம் பால் ஆலையில் சூடும் சோறும் கொடுத்து வளர்த்த அதே சாதி. அங்கே இருந்தால் ஆலையே இருக்கும். இங்கே வந்தால் ஆலையே போய்விடும். நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

திலேக் வந்தான். முகர்ந்தான், குடித்தான், மறுபடியும் குடித்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதைத்தான் சொன்னான்.

"எனக்கே தெரியல எஜே. கடைல வாங்குறவனுக்கு என்ன தெரியப் போகுது?"

"இன்னைக்குத் தெரியாது. ரெண்டு வாரத்துல அலமாரிலயே புளிக்கும். மூணாவது வாரம் வெடிக்கும். நாப்பது கடைலயும்."

புளிப்பு பீர் என்று பெயர் ஒட்டி விற்றால் என்ன, வெளிநாட்டில் அதற்கே வரிசையில் நிற்கிறார்கள் என்றான். குதிரை செத்ததும் தோல் வியாபாரம் என்று போர்டு மாட்டுவது போலிருக்கிறது என்றார் சைராகுல். அவன் சிரிக்கவில்லை. தரச் சான்று அவர் கையெழுத்து இல்லாமல் செல்லாது. அதை மேசையில் வைத்து, அதன்மேல் பேனாவையும் வைத்து, "ஒரு தடவை. இந்த ஒரு தடவை மட்டும்" என்றான். அவர் பேனாவைப் பார்க்கவே இல்லை. அவன் திரும்பக் கேட்கவும் இல்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். அப்போதுதான் அவன் கண்ணுக்குக் கீழே எவ்வளவு கறுத்துக் கிடக்கிறது என்று சைராகுல் கவனித்தார்.

கலனை வடிகாலில் திறந்துவிடுவது என்று முடிவானதும், இது எப்படி வந்தது என்ற கேள்வி வந்தது. ரிஸ்பெக்கும் சைராகுலும் திலேக்கும் மூன்றாம் கலனோடு சேரும் குழாய்களைக் கழற்றிப் பார்த்தார்கள். கீழே எல்லாம் சுத்தம். திலேக் தானே மேலே ஏறி, உச்சி அடைப்பானைத் திறந்து, ரப்பர் வளையத்தை உருவிக்கொண்டு வந்தான். அதன் அடிப்பக்கத்தில் வெள்ளையாக, வழுவழுவென்று ஒரு படலம். நகத்தால் சுரண்டினால் வந்தது. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

திலேக் கழுவல் பதிவேட்டை எடுத்துவந்தான். மூன்றாம் கலன், மார்ச் மாதம், புதன்கிழமை. ரிஸ்பெக்கின் கையெழுத்து. திலேக் அதை அவர் முன் விரித்து வைத்து, இது உங்கள் கையெழுத்துதானே என்று கேட்டான். கத்தவில்லை. அந்த அமைதிதான் மோசமாக இருந்தது. ரிஸ்பெக் ஆமாம் என்றார். வளையத்தைக் கழற்றினீர்களா?  ரிஸ்பெக் தன் ரப்பர் செருப்பின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையெழுத்துப் போடும் கை கழுவாமல் இருந்தால் அந்தக் கை இங்கே எதற்கு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று திலேக் சொன்னான். ரிஸ்பெக் தலையை ஆட்டிவிட்டு, கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு விரல், இன்னொரு விரல். சைராகுல் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

சைராகுல் பிற்பாடு ஹெய்ன்ரிக்கிடம் ஃபோனில் சொன்னபடி, அந்த ரெண்டு விரல் நேரத்தில் அவருக்கு எல்லாமே தோன்றிற்று. பேசாமல் இருந்துவிடலாம். ரிஸ்பெக் சொல்லமாட்டார். ஐம்பத்தெட்டு வயதில் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ரிஸ்பெக்குக்கு வேறு எங்காவது சொல்லி வைக்கலாம். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்த அவருக்கு, நினைப்பதற்கே அலுப்பாக வந்ததாம்.

"கையுறையைப் போடு ரிஸ்பெக்" என்றார். பிறகு திலேக்கிடம், "அவன் இல்ல. நான்தான்."

திலேக் புரியாமல் பார்த்தான்.

"மேல உள்ள வளையம் என் வேலை. எப்பவுமே என் வேலை. அன்னைக்குப் பதினோரு படி ஏறினேன். கால் பூட்டிக்கிச்சு. அங்கயே நின்னு மேல பாத்தேன். இன்னும் பதினோரு படி. நாளைக்குப் பாத்துக்கலாம்னு இறங்கிட்டேன். மறுநாள் அந்த நெனப்பே வரல." ரிஸ்பெக்கைக் காட்டி, "அவன் கையெழுத்துப் போட்டது என் வார்த்தைய நம்பி" என்றார்.

 திலேக் கையிலிருந்த வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில், "ஏன் எங்கிட்ட சொல்லல எஜே?" என்று கேட்டான்.

"என்னன்னு சொல்றது? நீ ஊரையே கூப்பிட்டு மாலை போட்டுத் திறந்த ஆலைல எனக்குப் படி ஏற முடியலன்னா?"

அவன் ரிஸ்பெக்கிடம் போய் ஏதோ மெதுவாகச் சொன்னான். மன்னிப்பாகத்தான் இருக்க வேண்டும். ரிஸ்பெக் சங்கடப்பட்டு, பரவாயில்லை பரவாயில்லை என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு திலேக் ஃபோனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டான்.

ரிஸ்பெக் கலனின் அடி அடைப்பானைத் திறந்தார். ஆறாயிரம் லிட்டர் வெளியேற மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். நுரை வடிகாலை நிரப்பி, தரையில் ஏறி, கதவு வரை போய்த் திரும்பியது. கூடம் முழுக்க ரொட்டி வாசனையும் ஆற்றங்கரைப் பூவின் கசப்பும். சைராகுல் நீண்ட கைப்பிடித் துடைப்பத்தால் நுரையை வடிகாலுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார். ரிஸ்பெக் துடைப்பத்தைக் கேட்டார், கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார், கொடுத்துவிட்டார். சைராகுல் மூன்றாம் கலனின் படிக்கட்டில் கீழிருந்து இரண்டாவது படியில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

அடுத்து வந்த ஞாயிறு ஹெய்ன்ரிக் கதையெல்லாம் கேட்டுவிட்டு, நான் செய்த கலனுக்கு ஒரு முக்காலி போதும், அதற்குமேல் எதற்கு என்று சொல்லிச் சிரித்தார். சைராகுலுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை. பீர் வடிகாலில் ஓடிய திங்கட்கிழமை யாரும் சிரிக்கவில்லை.

மத்தியானம் தாண்டித் திலேக் உள்ளே வந்தான். அங்காடிக்காரர்களிடம் பேசிவிட்டான். உண்மையைச் சொன்னானாம். சரி, அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார்களாம். அந்த அடுத்த வருஷத்துக்கு என்ன அர்த்தம் என்பது இருவருக்குமே தெரியும். அலமாரியில் அவர்களுக்கென்று ஒதுக்கிய இடம் வியாழக்கிழமைக்குள் வேறு யாருக்காவது போய்விடும்.

சைராகுல் தனக்குப் பதிலாக வேறு ஆள் பார்க்கச் சொன்னார். கோபத்தில் அல்ல, நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோல.

"பாக்குறேன்" என்றான் திலேக். "மேல ஏற ஆளு. கீழ நாக்குக்கு நீங்கதான். அந்த நாக்குக்கு நான் எங்க போவேன்?" பிறகு தன்பாட்டுக்குச் சொல்வதுபோல, "நானும் ஒழுங்காத் தூங்கி நாலு மாசமாச்சு எஜே" என்றான்.

 வடிகாலில் பீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திலேக் எங்கே போவதென்று தெரியாதவனைப் போல, நல்ல காலணி நனைய, நுரைக்கு நடுவில் நின்றான். சைராகுல் நீட்டியிருந்த காலை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மடக்கிக்கொண்டார். பாவாடையை ஒதுக்கி, இரும்புப் படியில் சுவரோரமாக நகர்ந்து, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்.